கோயில் வாசலில் ஒரு விளக்கம் வேண்டும்

பழனி தண்டாயுதபாணி கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதோர் செல்லக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். வேறு சமயத்தவர் ஒருவர் அந்தத் தெய்வத்தின் மீது நம்பிக்கை கொண்டு வழிபட வந்தால், அதை எழுத்தில் உறுதிசெய்து பதிவேட்டில் ஏற்றிய பிறகு அனுமதிக்கலாம் என்றது அந்த உத்தரவு. 2025இல் திருப்பரங்குன்றம் மலை மீண்டும் நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் வந்தது. அடிவாரக் குடைவரையில் முருகன், உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்கா, குகைகளில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் என மூன்று சமயங்களின் சுவடுகளைத் தாங்கி நிற்கும் மலை அது.

யார் எதுவரை போகலாம், எந்த இடம் யாருடையது என்பவற்றை நீதிமன்றங்கள் சொல்லட்டும். நம் ஊர்களில் அன்றாடம் கசப்பை வளர்ப்பது வேறொன்று. கொடிமரத்துக்கு அப்பால் இருப்பது என்ன, அங்கே கைகூப்பி நிற்பவர் எதைக் கண்டு கும்பிடுகிறார் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. வெளியே நிற்பவருக்கு அது தெரியாது. உள்ளே போகிற பலருக்கும் கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்தத் தெரியாமைக்கு விலை உண்டு. "நீங்க கல்லைத்தானே கும்பிடறீங்க?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கிறது. பதில் தெரியாத பிள்ளை, "நீங்களும் மக்காவில் கல்லைத்தானே சுத்தறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறது. இரண்டு கேள்வியுமே தவறு. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வீடு வாடகைக்கு விடும்போதும், கடைக்கு ஆள் வைக்கும்போதும், ஊர்வலம் எந்தத் தெருவழியே போகலாம் என்று மல்லுக்கு நிற்கும்போதும் அந்தத் தவறான கேள்விதான் உள்ளே இருந்து பேசுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் பாதி வெறுப்புப் பதிவுகள் அதையேதான் அலங்கரித்துச் சொல்கின்றன.

கல் எப்போது தெய்வம்?

வீட்டுப் பூசையில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளை நீர்விட்டுப் பிசைந்து கூம்பாகப் பிடித்து, அதன் தலையில் ஓர் அருகம்புல்லைச் செருகினால் பிள்ளையார். பூ, பழம், தீபாராதனை எல்லாம் அவருக்குத்தான். பூசை முடிந்ததும் வடக்குப் பக்கமாக லேசாக நகர்த்தி வைப்பார்கள். பிறகு அது நீரில் கரைக்கப்படும், அல்லது பெண்கள் பூசிக்கொள்ளும் மஞ்சளாகும். கடவுளை அழைக்கவும் வழியனுப்பவும் தெரிந்த வழிபாடு இது. மஞ்சளே கடவுள் என்று நினைத்தவர் யாரும் அதைக் கரைக்க மாட்டார்.

பெரிய கோயில்களிலும் இதே அடிப்படைதான். குடமுழுக்குக்கு முன் பாலாலயம் செய்வார்கள். கருவறைத் திருமேனியில் விளங்கும் அருளைக் கும்ப நீருக்கு மாற்றி, அதிலிருந்து மரப்பலகையில் வரைந்த உருவத்துக்கு ஏற்றித் தனியிடத்தில் வைப்பது வழக்கம். திருப்பணி முடிகிற வரை பூசை அந்தப் பலகைக்கே. நூற்றாண்டுகளாக வணங்கப்பட்ட மூலவர் அந்த மாதங்களில் வழிபாடின்றி இருப்பார். கல்லையே கடவுளாக எண்ணும் சமயத்தில் இப்படி ஒரு சடங்குக்கு இடமே இருக்க முடியாது.

இதைக் கேட்டதும் பலர் அவசரப்பட்டு, "சிலை வெறும் அடையாளம்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். படித்த இந்துக்கள் பிற சமய நண்பர்களிடம் சொல்லும் வழக்கமான பதில் இது. அது பாதி உண்மை. திருவரங்கத்து வைணவரிடம் போய் நம்பெருமாள் ஓர் அடையாளம் என்று சொன்னால் அவர் வருந்துவார். பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று இறைவனின் ஐந்து நிலைகளைச் சொல்லும் மரபு அவருடையது. இவற்றில் அர்ச்சை, அதாவது கோயில் திருமேனி, அடியவனுக்கு எட்டுவதற்காக இறைவன் தானே விரும்பி எடுத்துக்கொண்ட நிலை. அங்கே இறைவன் உண்மையாகவே இருக்கிறான். அதனால்தான் அவனைப் பள்ளியெழுப்புகிறார்கள், அமுது செய்விக்கிறார்கள், வீதிக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். 1323இல் படையெடுப்புக்கு அஞ்சித் திருவரங்கத்திலிருந்து வெளியேறிய நம்பெருமாளை 1371இல் திரும்பக் கொண்டுவரும் வரை ஊர் ஊராகக் காத்தவர்கள், ஓர் அடையாளத்துக்காக உயிரைப் பணயம் வைக்கவில்லை.

ஒரே சமயத்துக்குள் இத்தனை வேறுபாடா என்று கேட்டால், ஆம். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

திரைக்குப் பின்னால் வெட்டவெளி

சிதம்பரம் சிற்சபையில் சில அடி தூரத்துக்குள் மூன்று நிலைகள் இருக்கின்றன. ஆடும் நடராசர் உருவம். நாள்தோறும் அபிஷேகம் காணும் படிகலிங்கம் அருவுருவம். வடிவம் உண்டு, ஆனால் முகமோ கை கால்களோ இல்லை. நடராசருக்குப் பக்கத்தில் திரையை விலக்கினால் தொங்கும் பொன் வில்வ மாலை. அதற்குப் பின்னே எதுவுமில்லை. அந்த வெளிதான் அருவம். இறைவன் மூன்றாகவும் இருக்கிறான், எதிலும் அடங்காமலும் இருக்கிறான் என்பது சைவம் சொல்வது. உருவமற்ற இறைவனை வணங்கும் ஓர் இஸ்லாமியருக்கு இந்த வெட்டவெளியைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமலே அவர் அதைக் கூர்ந்து கேட்பார்.

வடலூரில் வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் சிலை இல்லை. ஏழு திரைகள் விலகினால் தெரிவது ஜோதி. கன்னியாகுமரி மாவட்டம் சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் பதியில் இருப்பது நிலைக்கண்ணாடி. தலைப்பாகை கட்டிய ஆண்கள் அங்கே கும்பிடும்போது தங்களையே எதிரில் காண்கிறார்கள். சாதியின் பெயரால் தலைப்பாகை கட்டவும் தோளில் துண்டு போடவும் தடை இருந்த காலத்தில், அதற்கு எதிராக எழுந்த வழிபாடு அது. அய்யாவழியினர் பலர் தங்களைத் தனிச் சமயம் என்றே சொல்கிறார்கள். அதையும் மதிக்க வேண்டும்.

இனி நம் ஊர் எல்லைக்கு வருவோம். ஆலமரத்தடியில் நட்ட ஒரு வேல், செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு அடித்த பீடம், மண்குதிரைகள் சூழ்ந்த அய்யனார், கூரையே இல்லாத கருப்பசாமி. தமிழ்நாட்டு இந்துக்களில் பெரும்பாலோரின் முதல் தெய்வம் இந்தக் குலதெய்வம்தான். இவற்றில் பல, ஒருகாலத்தில் வாழ்ந்து அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள். பல, கன்னிப் பெண்கள். உடுக்கை ஒலிக்கச் சாமி ஒரு மனிதர் மேல் இறங்குகிறது. அந்த நேரத்தில் ஊர் அவரிடம் பேசுவது தெய்வத்திடம் பேசுவது. ஆகம நூல்களில் இதற்கு இடம் குறைவு. ஆனால் இதை விட்டுவிட்டு இந்து வழிபாடு என்று பேசுவது, வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்ததாகச் சொல்வதாகும்.

பழனி உத்தரவு சொல்லும், பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் ஏற்பாட்டில் எனக்குள்ள தயக்கமும் இங்கிருந்துதான் வருகிறது. கோயில் சுற்றுலாத் தலமாகிவிடக் கூடாது, வழிபாட்டின் ஒழுங்கு கெடக் கூடாது என்ற கவலை முழுக்க நியாயமானது. ஆனால் நம்பிக்கையை எழுதிக் காட்டும் பழக்கம் நம் மரபில் இல்லை. மொட்டை போடுவதிலும் பால்குடம் எடுப்பதிலும் விரதம் இருப்பதிலும்தான் அது வெளிப்படுகிறது. வடலூர் சபையில் கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புக வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. பிறந்த சமயம் எது என்று அங்கே கேள்வியில்லை. நடத்தையைக் கேட்கும் அந்த வழக்கம் இன்னும் பல கோயில்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

வழக்கங்கள் மாறாதவையும் அல்ல. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள்தான். அதுவரை இந்துக்களிலேயே பெரும் பகுதியினர் வெளியில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். எல்லை வகுக்கும்போது இந்த வரலாறு மனத்தில் இருக்க வேண்டும்.

தரங்கம்பாடியில் கேட்கப்பட்ட கேள்விகள்

விளக்கம் சொன்னால் கேட்பார்களா என்ற ஐயம் எழலாம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் மதபோதகர் சீகன்பால்கு, இவ்வூர் மக்களைத் தன் சமயத்துக்கு மாற்றவே வந்தவர். தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார், தமிழர்களிடம் கேள்விகள் கேட்டு எழுத்தில் பதில் வாங்கினார். உங்கள் கடவுள் யார், ஏன் இத்தனை உருவங்கள், பாவம் எது, முக்தி எது என்பன போன்ற கேள்விகள். தமிழர்கள் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். பரம்பொருள் ஒன்றே என்றார்கள். இங்கு வந்த ஐரோப்பியர் நடந்துகொள்ளும் விதத்தில் தங்களுக்கு உள்ள மனக்குறைகளையும் மறைக்கவில்லை. அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் ஒரு முழு நூலையே எழுதி முடித்தார். ஊர்த் தெய்வங்களுக்கும் அதில் இடம் தந்தார். அனுப்பியவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். அந்தச் சமயத்தை ஒழிக்கத்தான் உன்னை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் நிலை. அந்த நூல் அச்சேறியது 1867இல், அவர் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு.

சீகன்பால்கு தன் சமயத்தை விடவில்லை. பதில் எழுதிய தமிழர்களும் தங்கள் வழிபாட்டை விடவில்லை. ஆனால் கேட்டவரின் பார்வை மாறியது. இவர்கள் அறிவும் ஒழுக்கமும் உள்ளவர்கள் என்று தன் நாட்டாருக்கு எழுதும் இடத்துக்கு அவர் வந்தார். பிற்காலத்தில் ஜி.யு.போப் ஆங்கிலிகன் பாதிரியாராக இருந்துகொண்டே 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தார். நம் காலத்தில் நீதிபதி மு.மு.இஸ்மாயில் இஸ்லாமியராக வாழ்ந்துகொண்டே கம்பனைக் கரைகண்டு, சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்தார். அறிந்துகொள்வதற்குத் தன் சமயத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இவர்களே சாட்சி.

நாம் அறிய வேண்டியதும் உண்டு

பிறர் நம்மைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கும்போது, நாம் அவர்களைப் புரிந்துகொண்டிருக்கிறோமா என்பதும் பார்க்கப்பட வேண்டும். தமிழ் இந்துக்களுக்குப் பிற சமயத் திருத்தலங்கள் அன்னியமே அல்ல. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்துபோய் மொட்டை போடும் இந்துக் குடும்பங்கள் பல. இருமுடி தாங்கிய ஐயப்ப பக்தர்கள் பலர் எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம்வந்த பிறகே மலையேறுகிறார்கள். திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதியே இருக்கிறது. அரங்கன் மீது காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள் என்பது மரபுக் கதை. அவளுக்குச் சிலை வைக்காமல் ஓவியமாகவே வைத்திருக்கிறார்கள். நிவேதனம் ரொட்டியும் வெண்ணெயும். கதையில் வரும் பெண்ணின் சமயத்துக்குக்கூட மதிப்பளித்த கோயில் அது.

இந்தப் பெருந்தன்மையில் ஓர் இடறலும் இருக்கிறது. "நாங்க எல்லாச் சாமியையும் கும்பிடறோம், நீங்க ஏன் எங்க பிரசாதத்தை வாங்க மாட்டேங்கறீங்க?" என்று மனத்தாங்கல் கொள்கிறோம். எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று நாம் சொல்லும்போது, நம் வழியில்தான் அவர்களும் பார்க்க வேண்டும் என்று நம்மை அறியாமலே கட்டாயப்படுத்துகிறோம்.

நாகூருக்குப் போகும் இந்து அங்கே ஒரு தெய்வத்தைக் காணலாம். அங்கே நிற்கும் இஸ்லாமியர் காண்பது அல்லாஹ்வுக்கு நெருக்கமான ஓர் இறைநேசரை. தர்காவுக்குப் போவதே கூடாது என்று கருதும் இஸ்லாமியரும் உண்டு. வேளாங்கண்ணி மாதா கத்தோலிக்கருக்குக் கடவுள் அல்லர். கடவுளிடம் பரிந்து பேசும் அன்னை. பெந்தெகொஸ்தே சபையினர் எந்தச் சொரூபத்தையும் ஏற்பதில்லை. கஅபாவை நோக்கித் தொழுகிறவர் அந்தக் கட்டடத்தை வணங்கவில்லை. அது தொழுகையின் திசை. ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிடுகிறவரும் நபியின் வழிமுறையைப் பின்பற்றுகிறாரே தவிர, கல்லிடம் எதையும் வேண்டுவதில்லை.

இறைவனுக்கு இணை வைக்கக் கூடாது என்பது ஒரு முஸ்லிமுக்கு உயிரினும் மேலான நெறி. வேறொரு தெய்வத்துக்குப் படைத்த உணவை அவர் தவிர்ப்பது அந்த நெறியால்தான், நம்மை அவமதிப்பதற்காக அன்று. சைவ உணவுக்காரர் பக்ரீத் விருந்தில் பிரியாணியைத் தொடாதபோது அதை யாரும் அவமதிப்பாக எடுப்பதில்லை. இதுவும் அப்படித்தான். இதை அறிந்த தெருக்களில், பொங்கலைப் படையல் போடும் முன்பே ஒரு பங்கு எடுத்துப் பக்கத்து வீட்டுப் பாய்க்குக் கொடுத்தனுப்பும் பழக்கம் இருக்கிறது. கொடுப்பவர் தன் தெய்வத்தையும் விடவில்லை, வாங்குபவர் தன் நெறியையும் மீறவில்லை. ஒன்றே என்று முழங்குவதைவிட, வேறு என்று அறிந்து அதற்கேற்ப நடப்பது மேலான நட்பு.

மண்டைக்காடு

அறியாமல் அருகருகே வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதைக் குமரி மாவட்டம் 1982இல் பார்த்தது. மண்டைக்காட்டுப் பகவதியம்மன் புற்று வடிவானவள். ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த புற்றுக்குச் சந்தனம் சாத்தி வழிபடுகிறார்கள். மாசிக் கொடைக்கு வரும் பெண்கள் கடலில் நீராடிவிட்டுத்தான் அம்மனிடம் போவார்கள். அந்தக் கடற்கரை கத்தோலிக்க மீனவர்களின் வாழ்விடம். அங்கே அவர்களின் தேவாலயமும் இருக்கிறது. வழிபடுவோருக்குப் புனித நீராடும் துறை, மீனவருக்கு வலை காயும் முற்றம். தலைமுறைகளாக ஒத்துப்போன இந்த இரண்டும் அந்த மாசியில் மோதிக்கொண்டன, கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு, எரிந்த வீடுகள். கிராமங்கள் பல ஆண்டுகள் ஒன்றையொன்று முகம் பார்க்கவில்லை.

அங்கே போய்ச் சமாதானம் பேசியவர்களில் முதன்மையானவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடத்தின் தலைவர், காவி உடை, திருநீறு. அவற்றில் எதையும் மறைக்காமலே கிறிஸ்தவ, இஸ்லாமியப் பெரியவர்களோடு சேர்ந்து இயங்கத் திருவருட்பேரவையை வளர்த்தார். தன் சமயத்தில் ஆழ வேரூன்றிய ஒருவரின் சொல்லுக்கு மற்ற சமயத்தார் செவிசாய்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. எந்தச் சமயத்திலும் பற்றில்லாதவர் சொல்லும் நல்லிணக்கத்தைவிட அது ஆழமாக இறங்கியது.

இப்போது செய்யக் கூடியவை

இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. முதலில் பெரிய கோயில்களிலாவது, கொடிமரத்துக்கு வெளியே, யாரும் நின்று படிக்கும் இடத்தில் ஒரு விளக்கப் பலகை வேண்டும். இங்கே எழுந்தருளியிருப்பவர் யார், எந்த நிலையில் வணங்கப்படுகிறார், ஒரு நாளில் என்ன பூசைகள் நடக்கின்றன, எதுவரை வரலாம், ஏன் அந்த எல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தலபுராணப் பெருமைகளை அடுக்குவதும், பிற சமயங்களோடு ஒப்பிடுவதும் வேண்டாம். எழுதும் பொறுப்பை அந்தந்தக் கோயிலின் ஓதுவாரும் அர்ச்சகரும் ஊர்த் தமிழாசிரியரும் சேர்ந்து ஏற்கட்டும். சென்னையில் ஒரே வாசகம் தயாரித்து எல்லா ஊருக்கும் அனுப்பினால் சுடலைமாடனும் சோமாஸ்கந்தரும் ஒன்றாகிவிடுவார்கள்.

அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளிலும் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளிலும் இளைஞர்கள் படிக்கிறார்கள். கேள்வி கேட்பவருக்குக் கோபப்படாமல் பதில் சொல்வதும் அவர்கள் பாடத்தில் சேர வேண்டும். வாரத்தில் ஒரு மாலை ஒரு மணி நேரம், வெளி மண்டபத்தில், எந்தச் சமயத்தவரும் வந்து கேட்கலாம் என்று அறிவிக்கலாம். நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் இதே ஏற்பாட்டை அந்தந்த நிர்வாகங்கள் செய்தால், அங்கே போகும் லட்சக்கணக்கான இந்துக்கள் எங்கே நிற்கிறோம் என்று அறிந்து நிற்பார்கள்.

பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை, பெற்றோர் சம்மதத்துடன், சொந்த ஊரின் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம். வழிபடுவதற்காக அல்ல, கேட்பதற்காக. விளக்கம் சொல்பவர் அந்தச் சமயத்தைக் கடைப்பிடிப்பவராக இருக்க வேண்டும். ஓர் இந்து ஆசிரியர் இஸ்லாத்தை விளக்குவதும், ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் சிவலிங்கத்தை விளக்குவதும் நல்லெண்ணத்தோடு நடந்தாலும் பாதிதான் சரியாக இருக்கும். திரும்பி வந்ததும் மாணவர்கள் எழுத வேண்டிய கட்டுரைக்குத் தலைப்பும் ஒன்றே: அவர்கள் எதைக் கண்டு வணங்குகிறார்கள்?

மேடைப் பேச்சாளர்களிடம் வேண்டுவது ஒன்றுதான். நற்செய்திக் கூட்டமோ, ஆன்மிகச் சொற்பொழிவோ, மார்க்க விளக்கமோ, தன் இறைவனைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசுங்கள். அடுத்தவர் இறைவனைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், அவர்கள் முன்னிலையில் சொல்லக் கூடியதை மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக, அமைதிக் குழுக்கள். விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு காவல் நிலையத்தில் இரு தரப்புப் பெரியவர்களையும் கூட்டிக் கையெழுத்து வாங்குவதோடு இப்போது அவற்றின் வேலை முடிகிறது. பதற்றம் வந்த பிறகு கூட்டும் கூட்டத்தில் யாரும் யாரையும் அறிய முடியாது. பதற்றத்துக்கு வாய்ப்புள்ள ஊர்களில் இக்குழு மாதந்தோறும் கூட வேண்டும். காவல் நிலையத்தில் வேண்டாம், நூலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ கூடட்டும். கடைக்காரர்கள், மகளிர் குழுவினர், ஊர்வலத்தில் முன்னால் நடக்கும் இளைஞர்கள் அதில் இருக்க வேண்டும். அடுத்த மூன்று மாதத் திருவிழாக்களின் நாள், வழி, ஒலிபெருக்கி நேரம், தொழுகை நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டு, தேநீர்க் கடைகளிலும் வழிபாட்டுத் தலங்களின் வாசலிலும் ஒட்டிவிட வேண்டும். வட்டாட்சியர் முதல் கூட்டத்தைக் கூட்டினால் போதும். இரண்டாவது கூட்டம் முதல் தேதி குறிக்கும் பொறுப்பு ஊராரிடமே இருக்கட்டும்.